நம் தெருவில் பிறந்த நூல்கள்

பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் ஊருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் புத்தக அலமாரிகளுக்குள்ளே ஓர் ஒற்றுமை உண்டு. மேல்தட்டில் திருக்குறளும் கம்பனும் பாரதியும் வீற்றிருப்பர். அடுத்த தட்டில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும், வார இதழ்களிலிருந்து தாள் தாளாகப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொடர்கதைகளும் இருக்கும். துணிமணிகளோடும் ஊறுகாய்ச் சாடியோடும் ரயிலேறி வந்த செல்வங்கள் இவை. பிறந்த மண்ணின் வாசனையை நமக்குக் காத்துத் தருவதால் அவற்றைப் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால், வந்து வாழும் ஊரைப் பற்றி, நாம் அன்றாடம் வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதப்பட்ட நூல் ஒன்றேனும் அங்கே இருக்கிறதா என்று தேடினால், பெரும்பாலான வீடுகளில் இராது.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இது சற்றே விந்தையாகப் படுகிறது. தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் உள்ள நகரங்களில், இந்நகரைப் போலத் தமிழ் நாவலுக்குக் களமாக அமைந்தவை மிகச் சிலவே. கோயிலும் கோட்டையும், சாலைக் கடைத்தெருவும், ஆற்று மணலில் உழைக்கும் மக்களும் தமிழ் எழுத்தில் இடம்பெற்றுவிட்டனர். அவற்றை எழுதியவர்களும் இதே தெருக்களில் நம்மைப் போலக் குடை பிடித்து நடந்தவர்கள்தாம்.

சென்ற இடவப்பாதி மழையின்போது, வாசற்படி தாண்ட இயலாத மாலைப் பொழுதுகளில், நான்கு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தோம். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968), ‘பள்ளிகொண்டபுரம்’ (1970), ஆ. மாதவனின் ‘புனலும் மணலும்’ (1974), நகுலனின் ‘நினைவுப் பாதை’ (1972) ஆகியனவே அவை. இவற்றுள் சிலவற்றை முன்பே படித்ததுண்டு. முதன்முறையாகப் படித்ததும் உண்டு. திறனாய்வு செய்வது நம் நோக்கமன்று. அது கற்றறிந்த பேராசிரியர்களின் பணி. படித்தபோது இல்லத்தில் எழுந்த மகிழ்ச்சியையும் வாதத்தையும் கவலையையும் இம்மலரின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே நோக்கம்.

முதலில் ‘தலைமுறைகள்’. கதை நிகழும் இடம் இரணியல். பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள அவ்வூர், 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்து, அந்நாள் முதல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்த செட்டிச் சமூகத்தின் பிறப்பு, சடங்கு, திருமணம், சாவு அனைத்தையும் ஆசிரியர் கண்முன் நிறுத்துகிறார். பெண்மை இல்லாதவள் என்ற பழி சுமத்தப்பட்டுக் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள் நாகு. அவளுக்கு நீதி தேடித் தவிக்கிறான் உடன்பிறந்தவனான திரவி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அந்த ஊர் வாய், ஒரு பெண்ணின் வாழ்வை எத்தனை மெதுவாக, எத்தனை நியாயம் பேசிக்கொண்டே விழுங்குகிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது நெஞ்சு கனத்துப் போகிறது. இந்நூலை க. நா. சுப்ரமண்யம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2010இல் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் இது திரைப்படமாகவும் வந்தது.

எனினும், நம் வீட்டில் இந்நூல் பெற்ற வரவேற்புக்குக் கதை மட்டும் காரணமன்று. அதன் மொழியே முதற்காரணம். உண்ணாமலை ஆச்சி வாய் திறக்கும் இடங்களில் எல்லாம், எண்பது வயதைக் கடந்த எம் வீட்டு மூதாட்டி, “நிறுத்து, அந்த இடத்தை இன்னொருக்க வாசி” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அச்செழுத்தில் தம் பேச்சைக் கேட்பது அதுவே முதல் முறை. வானொலியில் கேட்ட தமிழும் மேடையில் கேட்ட தமிழும் வேறு. அடுக்களையில் தாம் பேசும் தமிழ் வேறு என்றே அவர் வாழ்நாள் முழுதும் எண்ணியிருந்தார். ‘நம்ம பேச்சும் புஸ்தகத்துல ஏறுமா?’ என்று அவர் வியந்ததில் ஒரு சமூகத்தின் கூச்சமே அடங்கியிருந்தது.

அந்தக் கூச்சத்தை இங்குள்ள தமிழர் அனைவரும் அறிவர். விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்றால், நம் குழந்தைகள் ‘நினைவிருக்கு’ என்பதற்கு ‘ஓர்மை இருக்கு’ என்றும், ‘கிடைக்கவில்லை’ என்பதற்குக் ‘கிட்டலை’ என்றும் சொல்ல, உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். மலையாளம் கலந்து கெட்டுப்போன தமிழ் என்பது அவர்கள் தீர்ப்பு. ஆனால் கிட்டுதல் என்பது தொன்றுதொட்டு வழங்கும் நல்ல தமிழ்ச்சொல். சொல்லுதல் என்னும் பொருளில் பறைதல் என்பதும் தமிழ் அகராதியில் இடம் பெற்ற சொல்லே. இங்கே ஒன்றை நினைவூட்டலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 1926ஆம் ஆண்டு முதல் பதிப்பாசிரியராக இருந்து நிறைவேற்றித் தந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, அதற்கு முன் இந்தத் திருவனந்தபுரத்தில்தான் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் இங்கு வந்தார். சொற்களை எடை போடத் தெரிந்த அப்பெருமகனார் நடந்த ஊரில் வாழ்கின்ற நாம், நம் வீட்டுச் சொற்களை எண்ணி நாணுவதற்கு முகாந்தரம் இல்லை. ‘தலைமுறைகள்’ படித்து முடித்த அன்று நமக்குத் தோன்றிய முதல் எண்ணம் இதுவே.

அடுத்தது ‘பள்ளிகொண்டபுரம்’. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமானின் ஊர் என்னும் பெயரே நம் நகரைச் சுட்டிவிடுகிறது. அனந்தன் நாயர் என்ற நடுத்தர வயதினரின் ஏறத்தாழ ஐம்பது மணி நேர வாழ்வும், அதனூடே எழும் நினைவுகளுமே நாவல். பேரழகியான மனைவி கார்த்தியாயினி அவரைப் பிரிந்து சென்று நெடுங்காலமாகிவிட்டது. இரு மக்களையும் தனியே வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். நகரத்தின் தெருக்களில் அவர் நடக்க நடக்க, பழைய காயங்கள் ஒவ்வொன்றாக வாய் திறக்கின்றன. தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய இந்நூலின் நாயகன் மலையாளி என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தேறிய குடும்பத்தார் அண்டை வீட்டாரை வாடகைக் கணக்கும் ஓணப் பாயசமும் அளவில் மட்டுமே அறிந்திருப்பது வழக்கம். அந்த வேலியைத் தாண்டி, அண்டை வீட்டுக்காரரின் உறக்கமற்ற இரவுக்குள் புகுந்து பார்க்கும் துணிவு இந்நூலுக்கு இருக்கிறது. மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ஒருவர், அலுவல் நேரம் போக எஞ்சிய வேளையில் இதைச் செய்தார் என்பது நம்மை வணங்கச் செய்கிறது.

இந்நூலைப் பற்றி வீட்டில் பெரும் வாதம் எழுந்தது. அனந்தன் நாயரின் தனிமையைக் கண்டு மூத்தவர்கள் கண் கலங்கினர். இளையவர்களோ, “எல்லாம் அவர் கண்ணால்தான் பார்க்கிறோம், கார்த்தியாயினி வாய் திறந்தால் வேறு கதை வரும்” என்றனர். நம் எண்ணமும் ஏறக்குறைய இதுவே. சந்தேகம் என்னும் கறையான் ஒரு மனிதரை உள்ளிருந்து அரிப்பதை ஆசிரியர் ஒளிக்காமல் காட்டிவிடுகிறார். ஆயினும், அந்தப் பெண்ணின் மனத்தை இன்னும் சில பக்கங்கள் கேட்டிருக்கலாகாதா என்ற குறை நம்மிடம் எஞ்சி நிற்கிறது. இக்குறையையும் சேர்த்தே இந்நூலை நேசிக்கிறோம். மூன்று தலைமுறையினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தமிழில் வாதிட்டது எம் வீட்டில் அண்மைக் காலத்தில் வேறு எதற்காகவும் நிகழ்ந்ததில்லை.

‘புனலும் மணலும்’ வேறு உலகம். ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கும் தொழிலாளரின் கதை அது. அவர்களுக்குத் தலைமை வகிக்கும் அங்குசாமி கடும் உழைப்பாளி; கூட இருப்பவர்களுக்கு நல்லவன். அத்தகையவன், மனைவியின் மகளை, அவள் அழகற்றவள் என்ற ஒன்றுக்காகவே வெறுக்கிறான். அவளோ அவனுக்காகவே உழைக்கிறாள். நல்லவன் ஒருவனின் உள்ளத்தில் காரணமற்ற வெறுப்பு எங்ஙனம் குடிகொள்கிறது என்று ஆசிரியர் விளக்க முற்படவில்லை, காட்டுவதோடு நின்றுவிடுகிறார். இறுதியில் என்ன ஆகிறது என்பதை ஈண்டுச் சொல்லோம். வாசகர் தாமே அந்த ஆற்றங்கரையில் நின்று காண வேண்டிய காட்சி அது. படித்து முடித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுவோம். ஆற்று மணலை அளவின்றி வாருவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2001ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு ஒரு தலைமுறைக் காலத்துக்கு முன்பே, அத்தொழிலின் வியர்வையும் கூலியும் தமிழில் பதிவாகிவிட்டன.

ஆ. மாதவன் (1934–2021) சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்தியவர். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாக்கிய அத்தெருவில், மூட்டை தூக்குவோரும் கைவண்டி இழுப்போரும் சில்லறைத் திருடரும் அவர் கண்முன் நடமாடினர். கல்லாவில் அமர்ந்தபடியே அவர்களைக் கண்டு கதைகளாக்கினார். 2015ஆம் ஆண்டு ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் கட்டுரை நூலுக்காக அவருக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இவற்றை எல்லாம்விட நம் மனத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. அவர் பள்ளியில் பயின்றது மலையாளம். தமிழை அவர் தாமே முயன்று கற்றார். தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரானும் அவ்வாறே மலையாளக் கல்வி பெற்றுத் தமிழில் எழுதி, ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் அதே விருதைப் பெற்றவர். பள்ளிக்கூடம் தராத தமிழைத் தெருவும் வீடும் தந்திருக்கின்றன என்பதற்கு இவ்விருவரும் சான்று.

நான்காவது நூலாகிய ‘நினைவுப் பாதை’யைப் பற்றி எழுதத் தயக்கமாகவே இருக்கிறது. டி. கே. துரைசாமி என்னும் இயற்பெயர் கொண்ட நகுலன் (1921–2007) கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே திருவிதாங்கூருக்கு வந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் நூலில் கதை என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் அகப்படாது. நவீனன் என்ற எழுத்தாளனின் நினைவும் நண்பர் உரையாடலும் சுசீலா என்னும் பெயரும் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும். மூன்று முறை கீழே வைத்து, நான்காம் முறை எடுத்து முடித்தோம். உரக்கப் படித்துக் குடும்பத்தோடு கேட்கக்கூடிய நூல் அன்று. எம் மூதாட்டி ஐந்தாம் பக்கத்திலேயே எழுந்து படுக்கச் சென்றுவிட்டார். ஆயினும், நள்ளிரவில் தனியே படித்தபோது ஓர் உண்மை மெல்லப் பிடிபட்டது. ஊரைவிட்டு வந்த ஒருவனுக்கு, உத்தியோகமும் வீடும் அமைந்த பின்னரும், தன்னோடு தானே பேசிக்கொள்ள ஒரு மொழி தேவைப்படுகிறது. பகலெல்லாம் ஆங்கிலம் போதித்தவர் இரவில் அந்தப் பேச்சைத் தமிழில் பேசினார். நம்மில் பலர், கடையில் மலையாளமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசிவிட்டு, உள்ளுக்குள் வருந்துவதை மட்டும் தமிழில் வருந்துகிறோம் அல்லவா? அந்த ஒற்றுமையால் நகுலன் நமக்கு உறவினராகிறார். அடிக்கடி சென்று பார்க்க இயலாத உறவினர்.

இனி நம் கவலையைச் சொல்வோம். இந்நான்கில் ஒன்றை ஒரு நூலகத்திலிருந்து இரவல் பெற்றோம். நூலின் பின்னட்டையில் ஒட்டிய தாளில், திருப்பித் தர வேண்டிய தேதி முத்திரையிடப்பட்டிருக்கும் அல்லவா? கடைசி முத்திரைக்கும் நமக்கு இட்ட முத்திரைக்கும் இடையே பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1829ஆம் ஆண்டிலேயே பொது நூலகம் கண்ட நகரம் இது. தமிழ்ச் சங்கக் கூட்டங்களின் தொடக்கத்தில் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீய’த்தில் உள்ளது, 1970இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இத்தகைய ஊரில் தமிழ் நூல் ஒன்று பதினொரு ஆண்டுகள் கைபடாமல் கிடந்தது என்றால், எழுதியவர் மீது குறையில்லை. படிக்கும் கண்கள் வீடுகளில் குறைந்து வருகின்றன என்பதே பொருள்.

நம் பிள்ளைகள் தமிழ் பேசுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவர். பள்ளியில் ஆங்கிலம், மலையாளம், இந்தி என்று மூன்று மொழிகளின் சுமை இருக்கிறது. இந்நிலையில், நம் வாழ்வை, நம் தெருவை, நம் பேச்சைச் சொல்லும் நூல்கள், நம் பேரர்களுக்கே பூட்டிய பெட்டகமாகிவிடக்கூடும். அண்டை வீட்டு மலையாளிப் பிள்ளைக்குத் தகழியும் பஷீரும் எழுதிய கேரளம் திறந்திருக்கும். நம் வீட்டுப் பிள்ளையும் அவர்களைப் பள்ளியில் படிப்பான்; படிக்கவும் வேண்டும், அவர்கள் மாபெரும் எழுத்தாளர்கள். ஆனால் அவனுடைய ஆச்சி பேசியதும் அவன் தாத்தா கடை வைத்ததும் எழுதப்பட்ட பக்கம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமற்போவது பேரிழப்பன்றோ?

தமிழ் கற்பிக்க நாம் செய்வது பெரும்பாலும் குறள் ஒப்புவித்தல் போட்டிதான். குழந்தைகள் பொருள் அறியாமல் மனனம் செய்து, எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகப் பெற்று, மறுவாரம் மறந்துவிடுகின்றனர். அப்போட்டியை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதனோடு ஒன்றைச் சேர்க்கலாம் என்கிறோம். ஞாயிறு இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம், வீட்டில் யாரேனும் ஒருவர் இந்நூல்களில் ஒன்றை உரக்கப் படிப்பது. எம் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். முதல் இரண்டு வாரம் பத்து வயதுப் பேத்தி கைபேசியை விட்டு நிமிரவில்லை. பின்னர் சாலைத் தெருவைப் பற்றிய மாதவனின் சிறுகதை ஒன்றைப் படித்தபோது, “தாத்தா, இது நாம பாத்திரம் வாங்கின சாலைதானே?” என்று கேட்டாள். தான் மிதித்த தெரு அச்சில் இருப்பதைக் கண்ட வியப்பு அவள் முகத்தில் தெரிந்தது. மறுவாரம் தானே படிக்க முன்வந்தாள். தெரியாத தமிழ் எழுத்துக்களின் மேல் பென்சிலால் மலையாள எழுத்துக்களைச் சிறிதாகக் குறித்துக்கொண்டாள். ஒரு பக்கத்திற்கு முப்பது நாற்பது குறிகள் இருந்தன. சில மாதங்களில் அவை ஏழெட்டாகக் குறைந்தன. மலையாளம் அவளுக்குத் தமிழை மறைக்கும் சுவராக நிற்கவில்லை. ஏறி வரும் படியாக உதவியது.

வட்டார வழக்கு நிறைந்த நூலால் குழந்தையின் தமிழ் தூய்மை கெடும் என்று சில பெரியோர் அஞ்சுவர். அவர்கள் அச்சம் தமிழ் மீதுள்ள அன்பால் எழுவது, ஆகவே மதிக்கத்தக்கது. ஆனால், தன் வீட்டுச் சொல்லிலிருந்து தொடங்கும் குழந்தை இலக்கணத் தமிழுக்கு ஒருநாள் நடந்து வந்து சேரும். தன் சொல்லைக் குறித்து நாணம் கொண்ட குழந்தையோ, வேறு மொழியின் வீட்டுக்கே குடிபோய்விடும். நம் கண்முன் எத்தனையோ வீடுகளில் அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு நம் பணிவான வேண்டுகோள் இது. எந்த ஊரில் வாழ்ந்தாலும், அந்த ஊரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஒரு நூலையாவது தேடி வாங்குங்கள். அச்சில் இல்லையென்றால் இருப்பவரிடம் இரவல் பெறுங்கள். குறை கண்டால் வாதிடுங்கள். பிடிக்கவில்லையென்றால் நகுலனைப் போலத் தனியே வைத்து நள்ளிரவில் படியுங்கள். குழந்தைகள் முன்னிலையில் உரக்கப் படிப்பதை மட்டும் கைவிடாதீர்கள். எம் வீட்டில் இப்போது மாதவனின் ‘கிருஷ்ணப்பருந்து’ தொடங்கியிருக்கிறது. முதல் அத்தியாயத்தைப் பேத்தி படித்தாள். தடுமாறிய இடங்களில் மூதாட்டி எடுத்துக்கொடுத்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்பது தெரிந்திருந்தது.